தேரைச் சந்தில் ஒரு கடை

இங்கிலாந்துக்குப் போய் வந்தவனைக் கண்டால் நம்மவர்கள் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். அரண்மனையைப் பார்த்தீரா? தேம்ஸ் நதிப் பாலத்தைப் பார்த்தீரா? குளிரை எப்படித் தாங்கினீர்? என் மகன் மான்செஸ்டர் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற ஆண்டு அவன் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு நான் திரும்பியபோது, எங்கள் தெருவில் எல்லோரும் இந்த மூன்று கேள்விகளையும் தவறாமல் கேட்டார்கள். "எல்லாவற்றிலும் முக்கியமாக ஒரு மளிகைக் கடையைப் பார்த்தேன்" என்றேன்.

அடுத்த வீட்டு நண்பருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "மளிகைக் கடை பார்க்கவா ஐயா கடல் கடந்து போனீர்? நம் கடைத்தெருவில் இல்லாத கடையா?" என்றார்.

அவர் கேட்டது நியாயந்தான். அதிலும் நான் பார்த்த கடையில் ஒரு பொட்டலம் சர்க்கரைகூட வாங்க முடியாது. அங்கே வியாபாரம் நின்று எத்தனையோ காலம் ஆயிற்று. ஆயினும் அந்தக் கடையில் எனக்கு ஒரு சொந்தக் காரியம் இருந்தது. அது என்னவென்று பின்னால் சொல்லுகிறேன். முதலில் கடையைப் பார்ப்போம்.

மான்செஸ்டருக்கு வடக்கே சுமார் பத்து மைல் தூரத்தில், பென்னைன் மலைகளின் அடிவாரத்தில் ராச்டேல் என்ற ஊர் இருக்கிறது. 1251ஆம் ஆண்டில் மூன்றாம் ஹென்றி அரசரிடம் சந்தை கூட்டும் உரிமை பெற்ற பழைய ஊர் அது. சுற்றுப்புறத்துக் குன்றுகளில் ஆடு மேய்ப்பவர்களும், வீட்டுக்கு வீடு தறி போட்டுக் கம்பளி நெய்பவர்களும் அந்தச் சந்தையில்தான் கூடினார்கள். 'பிளானல்' என்னும் மெல்லிய கம்பளித் துணிக்கு அந்த ஊர் பெயர் பெற்றது. பிறகு நீராவி யந்திரம் வந்தது, ஆலைகள் எழும்பின, சந்தை ஊர் ஆலை ஊராயிற்று.

ஒரு சனிக்கிழமை காலையில் நானும் என் பேத்தியும் டிராம் வண்டி ஏறி அங்கே போய்ச் சேர்ந்தோம். பேத்திக்குப் பதினோரு வயது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளாதலால் எனக்கு வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், பாதுகாவலர் எல்லாம் அவளே. தெருவின் பெயரைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள். 'தேரைச் சந்து' என்று பொருள்படும் 'டோட் லேன்' என்பது அதன் பெயர். தேரைக்கும் இந்தத் தெருவுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாதாம். 'பழைய சந்து' என்பதை லங்காஷயர் மக்கள் தங்கள் கொச்சையில் 'டவுட் லேன்' என்று சொல்லப்போக, அது திரிந்து தேரையாய் முடிந்தது என்கிறார்கள். நம் நாட்டிலும் ஊர்ப்பெயர்கள் இப்படி உருமாறியிருப்பதை நேயர்கள் அறிவார்கள்.

புதிய பெருஞ்சாலைகள் வந்து அந்தப் பழைய தெருவை வெட்டிவிட்டன. எஞ்சியிருப்பது கல் பாவிய சிறு துண்டுதான். அதிலே 31ஆம் எண்ணுள்ள செங்கல் கட்டடம் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சரக்குக் கிடங்காகக் கட்டப்பட்டது. கோபுரம் இல்லை, தூண் இல்லை, சிற்பம் இல்லை. நம் ஊரில் இதைப் போன்ற கட்டடத்தை இடிப்பதற்கு ஒரு பகல் போதும். இடித்தார்களே என்று வருந்துவதற்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

ஆனால் அங்கே அதை யாரும் தொட முடியாது. பழஞ்சிறப்புள்ள கட்டடங்களைப் பட்டியலில் சேர்த்துச் சட்டத்தால் காப்பாற்றும் வழக்கம் அந்த நாட்டில் இருக்கிறது. பட்டியலில் ஏறிவிட்டால், சொந்தக்காரரே ஆனாலும் அநுமதியின்றி அதன் அமைப்பை மாற்றக் கூடாது. இங்கிலாந்தில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இந்தப் பட்டியலில் உள்ளன. பெரிய தேவாலயங்களும் கோட்டைகளும் முதல் தரம். 31ஆம் எண் கடை இரண்டாம் தரம். அந்த ஊர் நகர மண்டபம் 1871இல் திறந்த மாபெரும் மாளிகை; அது முதல் தரம். ஆயினும் வெளி தேசத்தார் பலர் ராச்டேலைத் தேடி வருவது இந்த இரண்டாந்தரக் கடைக்காகத்தான்.

உள்ளே நுழைந்தோம். ஒரு சிறு அறை. பீப்பாய்களின் மேல் பலகையைப் போட்டு அதையே வியாபார மேஜையாக்கியிருக்கிறார்கள். ஒரு தராசு. சில மூட்டைகள். அவ்வளவுதான். "இவ்வளவுதானா, தாத்தா?" என்றாள் பேத்தி. "திறந்த அன்றும் இவ்வளவுதான், அம்மா" என்றேன்.

1840க்குப் பிந்திய ஆண்டுகள் இங்கிலாந்தில் பசியும் பட்டினியும் நிறைந்தவை. லங்காஷயர் என்றாலே, நமது கைத்தறிக்காரர்களின் வாயில் மண்ணைப் போட்ட ஆலைத்துணியின் ஞாபகம்தான் நமக்கு வரும். அதில் தவறில்லை. ஆனால் அந்த யந்திரம் தன் நாட்டுக் கைத்தறிக்காரனையும் விழுங்கியது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. கூலி குறைந்தது. கூலி உயர்வு கேட்டுச் செய்த வேலைநிறுத்தம் தோற்றது. கிடைத்த சொற்பக் காசுக்கு வாங்கிய சாமானிலோ கலப்படம். மாவில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்தார்கள். ஒரு தரம் கொதித்த தேயிலையை உலர்த்திச் சாயமேற்றி மறுபடியும் விற்றார்கள். ஏழைக்குக் கடன் கொடுப்பவன் கடைக்காரன் ஒருவனே. ஆகையால் அவன் எதை நிறுத்துக் கொடுத்தாலும் வாயைத் திறவாமல் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நிலையில் ராச்டேல் நெசவாளர் சிலரும் வேறு தொழிலாளர் சிலருமாக 28 பேர் ஒன்று சேர்ந்தார்கள். தலைக்கு ஒரு பவுன் மூலதனம் என்று தீர்மானித்தார்கள். அது அவர்களிடம் மொத்தமாக ஏது? வாரத்துக்கு இரண்டு மூன்று பென்னி வீதம் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். 28 பவுன் சேர்ந்தது. வருஷத்துக்குப் பத்துப் பவுன் வாடகை பேசி இந்தக் கிடங்கின் கீழ்த்தளத்தைப் பிடித்தார்கள். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, கடை திறந்தார்கள். வருஷத்திலே மிக நீண்ட இரவுகளில் அது ஒன்று. சரக்கு என்னவென்றால், 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, 672 ராத்தல் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் கொழுப்பு மெழுகுவத்தி. எல்லாம் சேர்ந்து 16 பவுன் 11 ஷில்லிங் 11 பென்னி. ஆலைப் பையன்கள் வாசலில் கூடி, கிழட்டு நெசவாளர்களின் கடையைப் பார்த்துக் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள் என்று ஹோலியோக் என்பவர் எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டே இரவுகள்தான் கடை திறந்திருக்கும்.

அந்தக் கடையின் சரக்கைவிட அதன் விதிகளே பெரியவை. சுத்தமான சாமான், சரியான எடை. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. மூலதனத்துக்கு அளவான வட்டி. மிச்சமுள்ள லாபம், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதப்படி அவர்களுக்கே திரும்பும். அதாவது அதிகப் பணம் போட்டவனுக்கு அதிக லாபம் என்பதில்லை; பிள்ளைகுட்டி அதிகமாகி, அதிகமாகச் சாமான் வாங்கியவனுக்கே அதிக லாபம். பிற்பாடு லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கி நூல்நிலையமும் வாசகசாலையும் வைத்தார்கள். பெண்களையும் சமமான அங்கத்தினராகச் சேர்த்தார்கள். 1846இல் எலிஸா பிரையர்லி என்ற பெண்மணி முதன்முதலாகச் சேர்ந்தார். மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே சொந்தம் என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது!

இவை எல்லாவற்றுடனும் இன்னொரு விதி. ரொக்கத்துக்கே விற்பனை; கடன் கிடையாது.

கேட்பதற்கு இது கல்நெஞ்சக்காரர்களின் விதியாகத் தோன்றும். பசித்தவனிடம் காசைக் கீழே வை என்பதா? ஆனால் இந்த விதி கல்நெஞ்சிலிருந்து பிறந்ததல்ல; பட்ட அடியிலிருந்து பிறந்தது. இதே தேரைச் சந்தில், 15ஆம் எண் கட்டடத்தில், 1833ஆம் ஆண்டிலேயே நெசவாளர்கள் ஒரு கூட்டுறவுக் கடை வைத்தார்கள். இரக்கப்பட்டுக் கடன் கொடுத்தார்கள். கொடுத்தது திரும்பவில்லை. 1835இல் கடையைப் பூட்டினார்கள். லாபத்தைப் பங்கிடும் முறையை வகுத்தவர் என்று பின்னாளில் புகழ் பெற்ற சார்லஸ் ஹோவார்த், அந்தப் பழைய கடையிலும் சம்பந்தப்பட்டவர்தான். தோற்றவர் ஒன்பது வருஷம் கழித்து, அதே தெருவில், சில கதவுகள் தள்ளி, மறுபடியும் தொடங்கினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1845 முடிவில் அங்கத்தினர் 74 பேர், 1850இல் 600, 1860இல் 3,450. 1867இல் அதே தெருவில் பெரிய மாளிகை கட்டிக்கொண்டு சங்கம் அங்கே போய்விட்டது. சிறு கடை கைமாறி வேறு வேலைகளுக்குப் பயன்பட்டது. பின்னர் கூட்டுறவு இயக்கத்தார் அதைத் திரும்ப வாங்கி, 1931இல் பொருட்காட்சி சாலையாகத் திறந்தார்கள். அதே 1931ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில்தான் காந்தியடிகள் லங்காஷயருக்கு வந்து, டார்வென் ஊர்ப்பக்கம் தங்கி, வேலையிழந்த ஆலைத் தொழிலாளரைக் கண்டு பேசினார்.

ராச்டேல் விதை நம் நாட்டிலும் விழுந்தது. 1904ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதற்காக உழைத்தவர்களில் ஒருவர், அப்போது அங்கே தலைமை ஆசிரியராயிருந்த மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். 1935இல் நம் கைத்தறி நெசவாளர்களுக்கென்று மாகாணச் சங்கம் ஏற்பட்டது; 'கோ-ஆப்டெக்ஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். இன்று நம் வீட்டார் அரிசி வாங்க வரிசையில் நிற்கும் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவையே.

இனி என் சொந்தக் காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரும் நெசவாளர் ஊர்தான். என் தகப்பனார் அங்கே பள்ளிக்கூட உபாத்தியாயர். நான் ஏழாவது வகுப்புப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஊரார் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை வைத்தார்கள். சம்பளமில்லாத காரியதரிசி வேலை தகப்பனார் தலையில் விழுந்தது. விழுந்தது என்று என் தாயார் சொல்லுவாள். தகப்பனாரோ அதைத் தலையில் சூட்டிய கிரீடமாகவே நினைத்தார்.

நெசவாளிக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் பொல்லாதவை. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவதற்கு வெயில் வேண்டும். அடைமழையில் பாவும் இல்லை, தறியும் இல்லை, கூலியும் இல்லை. "வாத்தியாரையா, மழை விட்டதும் கொடுத்துவிடுகிறேன்" என்று தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். தகப்பனார் பேரேட்டைப் பிரித்து எழுதிக்கொண்டு அரிசியை அளக்கச் சொல்லுவார். இரண்டு மழைக்காலம் இப்படி ஓடிற்று. மூன்றாவது வருஷம், மொத்தச் சரக்குக் கொடுத்த வியாபாரிகள் வாசலில் வந்து நின்றார்கள். கடைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. என் தாயாரின் கைவளையல்கள் நான்கில் இரண்டு விலைக்குப் போயின. "ஊருக்கெல்லாம் அரிசி அளந்தீர்கள், என் கைக்கு இரண்டு வளையலாவது மிஞ்சியதே, அதுவே போதும்" என்று அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் பெரியவனான பிறகு இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஏமாளித் தகப்பனார், கடனைத் திருப்பாத ஊரார், வளையலை இழந்த தாயார் என்று கதை கச்சிதமாக இருக்கும். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

தகப்பனார் காலமான பின்னர் அவருடைய டிரங்குப் பெட்டியில் அந்தப் பழைய பேரேடு கிடைத்தது. புரட்டிப் பார்த்தேன். நெசவாளர்களின் பக்கங்களில், கடை மூடிய பிறகும் மூன்று ரூபாய், இரண்டு ரூபாய் என்று வரவு எழுதியிருந்தது. எல்லோரும் கொடுத்துத் தீர்க்கவில்லை. ஆனால் பலர் தீர்த்திருந்தார்கள். அதற்கு அடுத்தாற்போல் ஒரு பக்கம். தலைப்பு, 'காரியதரிசி வீடு.' சர்க்கரை, நெய், ரவை, காப்பிக் கொட்டை. என் தமக்கையின் கலியாணத்துக்கு அரிசி மூட்டைகள். எல்லாம் கடன். அடியில் தகப்பனாரின் முத்தான கையெழுத்தில், 'நகை விற்ற வகையில் வரவு; கணக்குத் தீர்ந்தது' என்று இருந்தது.

வளையல் போனது ஊராரின் கடனுக்காக அல்ல. நாங்கள் தின்ற சர்க்கரைக்காக! பேரேட்டை மூடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. பழைய கதையைச் சொல்லுவதை மாத்திரம் நிறுத்திக்கொண்டேன்.

தேரைச் சந்துக் கடையில் 1865ஆம் ஆண்டில் எடுத்த புகைப்படம் ஒன்று பிரசித்தமானது. முதல் அங்கத்தினர்களில் 13 பேர் அதில் இருக்கிறார்கள். அழுத்தமான உதடுகள், கண்டிப்பான முகங்கள். அதற்கு முன்னால் நின்று பேத்திக்கு 15ஆம் எண் கடையின் கதையைச் சொன்னேன். பிறகு, ஏன் சொன்னேனோ தெரியாது, அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் பண்டகசாலைக் கதையையும் சொன்னேன். இந்தத் தடவை 'காரியதரிசி வீடு' என்ற பக்கத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, "இவர்கள் தோற்றுவிட்டு மறுபடியும் தொடங்கினார்களே! கொள்ளுத் தாத்தா ஏன் மறுபடியும் தொடங்கவில்லை?" என்றாள்.

குழந்தைகளை மியூசியத்துக்கு அழைத்துப் போவதில் இதுதான் அபாயம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை விட்டுவிட்டு நமக்குள் இருப்பதைக் கிளறிவிடுகிறார்கள்.

ஏனென்றால் தகப்பனார் மறுபடியும் தொடங்கத்தான் பார்த்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், ஒருநாள் மாலையில், ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். "புதிதாக ஒரு பண்டகசாலைக்கு விதிகள் எழுதியிருக்கிறேன். படித்துப் பார், அப்பா" என்றார். அப்போது நான் காலேஜ் படிப்பு முடிந்து உத்தியோகத்தில் அமர்ந்த புதிது. காகிதத்தை வாங்கவே இல்லை. "ஊரார் ஒரு தடவை சிரித்தது போதாதா? அம்மாவுக்கு மிஞ்சியிருப்பது இரண்டே வளையல்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவர் தொடங்க ஆசைப்பட்டார், அம்மா. நான்தான் தடுத்துவிட்டேன்" என்று பேத்தியிடம் சொன்னேன்.

"அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது?"

"படிக்கவில்லையே."

அவள் என்னைப் பார்த்த பார்வை, புகைப்படத்தில் இருந்த பதின்மூன்று பேரின் பார்வையைப் போலவே இருந்தது. ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது, "ஊருக்குப் போனதும் தேடிப் பாருங்கள், தாத்தா" என்றாள்.

உலகம் 31ஆம் எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. சட்டம் போட்டுக் காப்பாற்றுவதும் அதைத்தான். ஆனால் 15ஆம் எண் கடையில் பட்ட நஷ்டம் இல்லாவிட்டால் 31ஆம் எண்ணுக்கு அந்தக் கண்டிப்பான விதி கிடைத்திராது. எங்கள் ஊர்ப் பண்டகசாலையும் ஒரு 15ஆம் எண். அதற்குப் பிறகு ஒரு 31 வரவில்லை என்றால், அதற்கு ஊராரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஊர் திரும்பிய மறுநாள் பெட்டியைத் திறந்தேன். பேரேட்டின் கடைசி அட்டைக்கும் ஏட்டுக்கும் நடுவே, நான்காக மடித்தபடியே, அந்தக் காகிதம் இருந்தது. முன்பு பேரேட்டைப் பார்த்தபோது, 'காரியதரிசி வீடு' என்ற பக்கத்துக்கு அப்பால் புரட்டுவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை; அதனால் இது கண்ணில் படவில்லை. மொத்தம் எட்டு விதிகள். மான்செஸ்டருக்குக் கடிதம் எழுதும்போது எட்டையும் நகல் எடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன். நேயர்களுக்கு முதல் விதியை மட்டும் சொல்லுகிறேன்.

'ரொக்கத்திற்கே விற்பனை. காரியதரிசி வீட்டுக்கும் இதுவே.'